மோட்டாரை மாற்றும் முன்: சக்கர ரோபோவின் அறிகுறி பார்த்துப் பழுது காணும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் நடக்கும் எங்கள் சனிக்கிழமை ரோபோ வகுப்புக்குப் பிள்ளைகள் கொண்டுவரும் புகார்களில் பெரும்பகுதி "அங்கிள், மோட்டார் பத்தல" என்றுதான் முடியும். சில நேரம் அது உண்மை. பல நேரம் பத்தாமல் இருப்பது பேட்டரி, இல்லாவிட்டால் டிரைவர் (நிரலின் கட்டளைப்படி பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்குக் கொடுக்கும் சிறு பலகை), இல்லாவிட்டால் சக்கரத்தைத் தண்டோடு பிடித்திருக்கும் ஒரு சிறு திருகு. பிள்ளைகளின் கைச்செலவுப் பணத்தில் புது மோட்டார் வாங்கிப் போட்டு, அதுவும் அப்படியே முக்கி நிற்பதைப் பார்த்தால் மனசு தாங்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் ரோபோ என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

மோட்டார் வாங்கும்போது பெரும்பாலோர் பார்ப்பது வோல்ட்டும், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று சொல்லும் ஆர்பிஎம்மும்தான். பார்க்க வேண்டிய எண்கள் நான்கு: எத்தனை வோல்ட்டில் அளந்தது, சுமை இல்லாதபோது வேகம் எவ்வளவு, ஸ்டால் முறுக்குவிசை (தண்டைச் சுற்றும் பலம்) எவ்வளவு, ஸ்டால் மின்னோட்டம் எவ்வளவு. ஸ்டால் என்றால் மோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்போதே தண்டு சுற்ற முடியாமல் நின்றுபோன நிலை. பிரஷ் (உள்ளே சுற்றும் பாகத்தை உரசியபடி மின்சாரம் கொடுக்கும் துண்டு) வைத்த டிசி மோட்டாரில் சுமை ஏற ஏற வேகம் நேர்கோட்டில் இறங்கும். மின்னோட்டம் நேர்கோட்டில் ஏறும். ஆகவே இரண்டு முனைகளும் தெரிந்தால் நடுவில் உள்ள எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிடலாம். ஸ்டால் எண்களைப் போடாத பட்டியலை நம்பி மோட்டார் வாங்காதீர்கள்.

எண்களே இல்லாத மோட்டார் கையில் இருந்தால், அதை டிரைவரிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை ஓமில் வைத்து இரண்டு முனைகளுக்கும் இடையே அளங்கள். தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பல நிலைகளில் அளங்கள். பிரஷ் உட்காரும் இடத்தைப் பொறுத்து எண் மாறும். கிடைத்ததில் மிகக் குறைந்ததை எடுத்துக்கொண்டு, மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தால் காட்டும் எண்ணை அதிலிருந்து கழித்துவிடுங்கள். பேட்டரி வோல்ட்டை அந்த ஓமால் வகுத்தால் ஸ்டால் மின்னோட்டம் கிடைக்கும். 6 வோல்ட், 4 ஓம் என்றால் 1.5 ஆம்பியர். பல பழுதுகளுக்கு விடை இந்த ஓர் எண்ணிலேயே இருக்கிறது.

பிறகு ரோபோவை ஒரு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். சக்கரங்கள் காற்றில் நிற்கட்டும். மின்சாரம் இல்லாமல் ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். ஒன்று இலகுவாகவும் மற்றொன்று இறுகியும் இருந்தால் கணினி நிரலைத் தொடாதீர்கள். பழுது இரும்பிலும் பிளாஸ்டிக்கிலும் இருக்கிறது.

காற்றில் சுற்றுகிறது, தரையில் வைத்தால் நிற்கிறது

அடிக்கடி வரும் புகார் இது. விடை மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். எங்கே என்று மல்டிமீட்டரே சொல்லிவிடும்.

ரோபோ தரையில் முக்கிக்கொண்டு நிற்கும் அதே நேரத்தில் இரண்டு இடங்களில் வோல்ட் அளங்கள்: பேட்டரியின் முனைகளில் ஒருமுறை, மோட்டாரின் முனைகளில் ஒருமுறை. இரண்டு மூன்று நொடிக்கு மேல் முக்க விடாதீர்கள்.

பேட்டரியில் வோல்ட் சரியாக இருக்கிறது, மோட்டாரில் மிகக் குறைவாக இருக்கிறது என்றால், நடுவில் உள்ள டிரைவர் தின்கிறது. மலிவாகக் கிடைக்கும் எல்298என் சிவப்புப் பலகை இதற்குப் பேர்போனது. அது பழைய வகை டிரான்சிஸ்டரில் கட்டியது. அதன் தகவல் தாளிலேயே 1 ஆம்பியர் ஓடும்போது 1.8 முதல் 3.2 வோல்ட் வரையும், 2 ஆம்பியரில் 4.9 வோல்ட் வரையும் இழப்பு இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. 6 வோல்ட் பேட்டரியில் 2 வோல்ட் போனால் மோட்டாருக்கு 4 தான். நீங்கள் வாங்கிய 6 வோல்ட் மோட்டாரின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே சூடாகக் கரைகிறது. சின்ன மோட்டாருக்கு, வோல்ட்டைக் குறைவாகத் தின்னும் மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டரில் கட்டிய டிரைவர் போடுங்கள்: டிபி6612 ஒரு பக்கத்துக்கு 1.2 ஆம்பியர் வரை தொடர்ந்து தாங்கும், டிஆர்வி8833 சுமார் 1.5 வரை. இதைச் செய்ததும் மோட்டாரை மாற்றாமலேயே ஓட ஆரம்பித்த ரோபோக்கள் உண்டு.

பேட்டரியிலேயே வோல்ட் சரிந்துவிடுகிறது என்றால் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

மோட்டாரின் முனையில் முழு வோல்ட்டும் வந்தும் நிற்கிறது என்றால், அப்போதுதான் மோட்டார் உண்மையில் பத்தவில்லை. இப்போது கணக்குப் போட வேண்டும். சாட்ஸ்வொர்த்தை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே மட்டமான தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வாசலிலிருந்து கேட் வரைக்கும் இறங்கும் சிமெண்ட் பாதை பல வீடுகளில் 15 பாகைச் சரிவு இருக்கும். 3 கிலோ ரோபோ ஒன்று அதில் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரிவு பின்னோக்கி இழுக்கும் விசை: 3 × 9.81 × சைன் 15, அதாவது சுமார் 7.6 நியூட்டன். சக்கரம் உருளும்போது ஏற்படும் தடை சிமெண்டில் எடையில் நூற்றுக்கு மூன்று என்று எடுத்தால் 0.9 நியூட்டன். நின்ற இடத்திலிருந்து நொடிக்கு அரை மீட்டர் வீதம் வேகம் கூட்ட 1.5 நியூட்டன். ஆகக் கூடி 10 நியூட்டன். இரண்டு மோட்டார் என்றால் ஆளுக்கு 5. சக்கரத்தின் விட்டம் 65 மி.மீ. என்றால் ஆரம் 3.25 செ.மீ. ஆகவே ஒவ்வொரு மோட்டாரும் சுமார் 16 நியூட்டன்-செ.மீ., கடைக்காரர் எழுதும் அலகில் 1.7 கிலோ-செ.மீ. முறுக்குவிசை கொடுக்க வேண்டும்.

இது ஓடும்போது வேண்டியது. ஸ்டால் எண் இதைப்போல நான்கு மடங்கு இருக்க வேண்டும், ஏனென்றால் மோட்டாரை ஸ்டாலில் கால் பங்குக்குள் ஓட்டினால்தான் அது சூடாகாமல் நீடித்து உழைக்கும். ஆகவே 6.5 அல்லது 7 கிலோ-செ.மீ. ஸ்டால் உள்ள மோட்டார் தேடுங்கள். எல்லோரும் தொடக்கத்தில் வாங்கும் மஞ்சள் டிடி மோட்டார் ஒரு கிலோ-செ.மீ.யை எட்டுவதே அரிது. அந்த மோட்டாரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அரை கிலோ ரோபோவை மட்டத் தரையில் ஓட்ட அது போதும். 3 கிலோவைச் சரிவில் ஏற்றுவது அதன் வேலை இல்லை.

அதே ரோபோ மட்டத் தரையில் மட்டும் ஓடினால் வேண்டியது 10 நியூட்டன் இல்லை, 2.4 தான் என்பதையும் கவனியுங்கள். கோயில் மண்டபத்தில் நன்றாக ஓடிய ரோபோ வீட்டு வாசலில் நின்றுபோவதற்கு வேறு மர்மம் தேட வேண்டாம். கிக்குயு என்ற அடர்ந்த புல் வளர்ந்த தரை என்றால் இன்னும் மோசம். உருளும் தடை சிமெண்டைப்போலப் பல மடங்கு.

வேகத்தையும் பாருங்கள். நொடிக்கு அரை மீட்டர் போக வேண்டும் என்றால் 65 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 147 முறை சுற்ற வேண்டும். சுமை கால் பங்கு இருக்கும்போது வேகமும் கால் பங்கு குறையும். ஆகவே சுமையில்லா வேகம் 200 ஆர்பிஎம் உள்ளதை வாங்குங்கள். கடையில் கேட்க வேண்டியது இப்போது தெளிவாகிவிட்டது: உங்கள் பேட்டரிக்கு ஏற்ற வோல்ட் (12 என்று வைப்போம்), 200 ஆர்பிஎம், ஸ்டால் 7 கிலோ-செ.மீ. இந்த எண்களுக்கு 25 அல்லது 37 மி.மீ. விட்டமுள்ள உலோக கியர் மோட்டார்களில் பொருந்துவது கிடைக்கும்.

இன்னொன்று: பெரிய சக்கரம் போட்டால் நன்றாக ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். கல்லையும் படியையும் தாண்ட அது உதவும். ஆனால் 65 மி.மீ. சக்கரத்தைக் கழற்றி 100 மி.மீ. போட்டால் வேண்டிய முறுக்குவிசை 1.7-லிருந்து 2.5-க்கு மேல் போய்விடும். பலமில்லாத மோட்டாருக்குச் செலவில்லாத வைத்தியம் சின்னச் சக்கரம்.

கிளம்புகிறது, உடனே நிரல் ஓடும் பலகை மறுபடி தொடங்குகிறது

விளக்கு ஒருமுறை அணைந்து எரியும், நிரல் முதலிலிருந்து ஆரம்பிக்கும், ரோபோ ஒரு துள்ளுத் துள்ளி நிற்கும். ஈஎஸ்பி32 பலகை என்றால் 'பிரவுன்அவுட்' என்று செய்தி எழுதிவிட்டு விழும். ராஸ்பெரி பை திரையில் மின்னல் குறி காட்டும். அதற்கு வரும் மின்சாரம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனதன் அடையாளம் அது.

நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில் ஸ்டால் மின்னோட்டத்தை முழுதாக இழுக்கிறது. முழு வேகத்தில் முன்னே போய்க்கொண்டிருப்பதைச் சட்டென்று பின்னே திருப்பினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1.5 ஆம்பியர் ஸ்டால் உள்ள டிடி மோட்டார் இரண்டு என்றால் 3 ஆம்பியர். சதுரமான 9 வோல்ட் பேட்டரியின் உள்தடை ஒன்றிரண்டு ஓம் இருக்கும். 3 ஆம்பியர் இழுத்தால் 3 முதல் 6 வோல்ட் உள்ளேயே தொலைந்துவிடும். புகை எச்சரிக்கைக் கருவி போல மிகக் குறைவாக மின்சாரம் இழுக்கும் கருவிகளுக்கு ஏற்ற பேட்டரி அது. ரோபோவில் அதை எதற்கும் போடாதீர்கள்.

இது பேட்டரியின் பழுதா, மோட்டார் கிளப்பும் மின்னிரைச்சலா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. பலகைக்கு மட்டும் தனியாக ஒரு பவர்பேங்கிலிருந்து மின்சாரம் கொடுங்கள். மோட்டாருக்குப் பழைய பேட்டரியே இருக்கட்டும். இரண்டின் நெகட்டிவ் கம்பிகளையும் கட்டாயம் ஒன்றாகச் சேருங்கள். இப்போது பிரச்சினை மறைந்தால் வோல்ட் சரிவுதான் காரணம். மறையாவிட்டால் இரைச்சல்.

வோல்ட் சரிவுக்கு: பேட்டரியை மாற்றுங்கள், கம்பியைத் தடியாக்குங்கள், டிரைவரின் மின்வாயிலில் 470 அல்லது 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள், நிரலில் வேகத்தை ஒரேயடியாகக் கொடுக்காமல் கால் நொடியில் படிப்படியாக ஏற்றுங்கள். கடைசியாகச் சொன்னது காசில்லாத வழி, பலன் மிகப் பெரிது. இரைச்சலுக்கு: மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு நடுவே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரை மோட்டாரோடு ஒட்டிப் பற்றவையுங்கள். போதாவிட்டால் ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உலோக உடலுக்கு ஒன்று.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். லோட் ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) மிக மோசமாக இருந்த 2023-இல், பாதி சார்ஜில் வந்த பேட்டரிகளால் எத்தனையோ பிள்ளைகள் நல்ல மோட்டாரைப் பழுதென்று முடிவுகட்டினார்கள். 18650 என்ற லித்தியம் செல் இரண்டைத் தொடராகப் போட்டால் முழுச் சார்ஜில் 8.4 வோல்ட். ஓடும்போது 6.6-க்குக் கீழே வந்தால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் இழுப்பது செல்லைக் கெடுக்கும். மின்சாரம் போய்ப் போய் வரும் இரவில் லித்தியம் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒரு பக்கமாகவே இழுக்கிறது

நேரே போ என்றால் இடப்பக்கமோ வலப்பக்கமோ வளைகிறது. பிள்ளைகள் உடனே நிரலில் ஒரு பக்கத்து வேகத்தைக் குறைத்து ஒட்டுப்போட்டுவிடுவார்கள். பேட்டரி கொஞ்சம் இறங்கியதும் அந்த ஒட்டு பிய்ந்துபோகும். காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

இடது மோட்டாரின் கம்பிகளை டிரைவரின் வலப்பக்கத்திலும், வலது மோட்டாரின் கம்பிகளை இடப்பக்கத்திலும் மாற்றிச் சொருகி ஓட்டுங்கள். இழுக்கும் திசை மாறிவிட்டதா? டிரைவரிலோ நிரலிலோ கோளாறு. அதே திசையில் இழுக்கிறதா? மோட்டார், சக்கரம், அச்சு இவற்றில் ஒன்று. அடுத்து சக்கரங்களை மட்டும் இடம் மாற்றுங்கள். இப்போது திசை மாறினால் சக்கரம்தான்.

சக்கரத்தின் சின்ன வேறுபாடு எவ்வளவு செய்யும் என்பதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. இரண்டு சக்கரத்துக்கும் இடையே 15 செ.மீ. தூரம், ஒன்றின் விட்டம் மற்றதைவிட நூற்றில் ஒரு பங்கு கூடுதல் என்று வையுங்கள். ரோபோ 15 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போகும். 3 மீட்டர் போவதற்குள் 30 செ.மீ. விலகிவிடும். மோட்டார் வேகத்தில் நூற்றுக்கு ஒன்று வேறுபாடு இருந்தாலும் கணக்கு இதேதான். ஒரே பெட்டியில் வந்த இரண்டு மலிவு மோட்டார்கள் அதைவிட அதிகமாகவே வேறுபடும். ஆகவே சக்கரத்தின் சுற்றை அளக்கும் கருவி எதுவும் இல்லாமல் நேரே ஓடும் ரோபோவை எதிர்பார்ப்பது மோட்டார்மேல் நியாயமில்லாத கோரிக்கை.

இன்னொரு நுட்பம்: இரண்டு மோட்டாரும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்து மாட்டப்பட்டிருக்கும். முன்னே போக ஒன்று வலஞ்சுழியும் மற்றது இடஞ்சுழியும் சுற்றுகின்றன. சில மோட்டார்களில் பிரஷ் நடுநிலையிலிருந்து சற்று விலகி உட்கார்ந்திருக்கும். அவை ஒரு திசையில் வேகமாகவும் மறு திசையில் மெதுவாகவும் ஓடும். இரண்டு திசையிலும் சுமையில்லா மின்னோட்டத்தை அளந்தால் இது தெரியும்.

தீர்வு என்கோடர், அதாவது சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று எண்ணிச் சொல்லும் கருவி. அதிலும் தரம் பார்க்க வேண்டும். டிடி மோட்டாருக்கு வரும் 20 துளைத் தட்டு 65 மி.மீ. சக்கரத்தில் ஒரு துளைக்கு ஒரு சென்டிமீட்டர் என்று எண்ணும். நேராக ஓட்ட ஓரளவு உதவும், அவ்வளவுதான். மோட்டாரின் பின் தண்டில் 11 துடிப்புக் காந்தத் தட்டு வைத்து, 30-க்கு 1 கியர் உள்ள மோட்டாரில், ஒரு துடிப்புக்கு நான்கு என்று எண்ணினால் (11 × 30 × 4) சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு 1320 எண்ணிக்கை வரும், ஓர் எண்ணிக்கைக்கு 0.15 மி.மீ. அளவு. புதிதாக மோட்டார் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், கொஞ்சம் சேமித்தாவது என்கோடர் பொருத்தி வருவதையே வாங்குங்கள். பிற்பாடு ஒட்டவைப்பது பெரும்பாடு. என்கோடர் இருந்தும் சக்கர விட்ட வேறுபாட்டை அது அறியாது. 3 மீட்டர் ஓட்டி, விலகியதை அளந்து, நிரலில் இரண்டு பக்கத்து விட்டத்தையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும்.

மெதுவாகப் போகச் சொன்னால் முனகுகிறது, நகரவில்லை

மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுக் கொடுத்து மோட்டாரின் வேகத்தைக் குறைப்பது பிடபிள்யூஎம். அதன் எண்ணை (முழு பலத்துக்கு 255) 60, 70 என்று கொடுத்தால் 'ஊம்' என்ற சத்தம் மட்டும் வரும். 90-ஐத் தாண்டியதும் ஒரேயடியாகப் பாயும். நின்றிருக்கும் கியரின் உராய்வு ஓடும் கியரின் உராய்வைவிட அதிகம். அதை உடைக்க ஒரு குறைந்தபட்ச உந்துதல் வேண்டும். கிளம்பும்போது மட்டும் ஒரு நொடியின் சிறு பங்கு நேரம் முழு பலம் கொடுத்துவிட்டுப் பிறகு குறைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். அர்டுவினோ ஊனோவின் இயல்பான பிடபிள்யூஎம் 490 ஹெர்ட்ஸ் (5, 6 எண் கால்களில் 980), அந்த முனகல் காதில் விழுவது அதனால். 20 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் சத்தம் போய்விடும்.

ஆனால் எப்போதும் மெதுவாகவே ஓட வேண்டிய ரோபோ என்றால் நிரலில் போராடாதீர்கள். மோட்டார் தேர்வு தவறு. 200 ஆர்பிஎம் மோட்டாரைப் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டுவதைவிட 60 ஆர்பிஎம் கியர் உள்ளதை மாட்டுங்கள். வேகம் இறங்கும், முறுக்குவிசை ஏறும், கட்டுப்பாடும் கைக்கு வரும்.

நேரே போகிறது, திரும்ப மாட்டேன் என்கிறது

நான்கு சக்கரமும் நேராகப் பொருத்திய ரோபோ திரும்பும்போது சக்கரங்கள் பக்கவாட்டில் தரையைத் தேய்த்துக்கொண்டு நகர வேண்டும். ரப்பர் டயர், கம்பளத் தரை, நீளமான உடல் மூன்றும் சேர்ந்தால் மோட்டார் ஸ்டாலுக்குப் பக்கத்தில் போய்விடும். முன்னே போக 0.5 ஆம்பியர் இழுத்த ரோபோ திரும்பும்போது 2 ஆம்பியர் இழுப்பதைப் பேட்டரிக் கம்பியில் தொடராக மீட்டரை வைத்து நீங்களே பார்க்கலாம். (மீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்ற வேண்டும், வேலை முடிந்ததும் மறக்காமல் வோல்ட் துளைக்குத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து வோல்ட் அளக்கும்போது ஷார்ட் ஆகும்.)

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைத்து, இடவல அகலத்தைக் கூட்டுங்கள். பின் டயர் இரண்டின் மேலும் வழவழப்பான டேப்பைச் சுற்றிப் பாருங்கள். அதிலேயே திரும்ப ஆரம்பித்தால் காரணம் உறுதியாகிவிட்டது. நிரந்தரமாக என்றால் இரண்டு இயக்கு சக்கரம், ஒரு குண்டு உருளை போதும். நான்கு மோட்டார் போட்டால் பலம் இரட்டிப்பாகும் என்ற ஆசையில் பாதிப் பலத்தைத் தேய்மானத்துக்குக் கொடுக்கிறோம்.

சக்கரம் சுழல்கிறது, ரோபோ நகரவில்லை

இது மோட்டார் பலக்குறைவுக்கு நேர் எதிர். பிடிப்பு இல்லை. மேலே சொன்ன 3 கிலோ ரோபோவில் இயக்கு சக்கரங்களின் மேல் எடையில் நூற்றுக்கு அறுபதுதான் இருக்கிறது, ரப்பருக்கும் சிமெண்டுக்கும் உராய்வெண் 0.6 என்று வைத்தால், சக்கரம் தரையைத் தள்ளக்கூடிய அதிகபட்சம் சரிவில் சுமார் 10 நியூட்டன். ஏறுவதற்கு வேண்டியதும் 10 தான். ஒரு துளி ஈரமோ தூசியோ இருந்தால் வழுக்கும். எவ்வளவு பெரிய மோட்டார் போட்டாலும் இது மாறாது. பேட்டரியை இயக்கு சக்கரத்தின் மேலே நகர்த்துங்கள். ஏறும்போது எடை பின்னுக்குச் சாயும், ஆகவே இயக்கு சக்கரம் பின்னால் இருக்கும்படி ஓட்டுங்கள். மண்டபத் தரையில் ஓட்டும் முன் டயரை ஈரத்துணியால் துடையுங்கள்.

மோட்டார் தொட முடியாமல் சுடுகிறது

விரலைச் சில நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் சுமார் 60 பாகை செல்சியஸைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சுமையில்லா மின்னோட்டத்தை அளங்கள். மாட்டிய பிறகு, காற்றில், மறுபடி அளங்கள். இரண்டாவது அதிகம் என்றால் சக்கரம் எங்கோ உரசுகிறது அல்லது அச்சு கோணலாக இருக்கிறது. இரண்டும் ஒன்றே, ஆனால் ஓடும்போது ஸ்டாலில் பாதிக்கு மேல் இழுக்கிறது என்றால் பெரிய மோட்டார் வேண்டும். 6 வோல்ட் மோட்டாருக்கு 12 வோல்ட் கொடுத்திருந்தால் விடை அங்கேயே இருக்கிறது.

கடகட சத்தம், சில நேரம் மட்டும் இழுவை

சக்கரத்தைப் பிடிக்கும் திருகு தண்டின் தட்டையான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். வட்டப் பக்கத்தில் உட்கார்ந்தால் சுமை வரும்போது வழுக்கும். தட்டையான பக்கத்திலேயே சரியாக உட்கார்ந்திருந்தால், பிளாஸ்டிக் கியரின் பல் போயிருக்கும். உலோக கியர் உள்ளதை வாங்குங்கள். சக்கரத்தைத் தண்டின் நுனியில் மாட்டாமல் மோட்டாரை ஒட்டி மாட்டுங்கள், தாங்கியின் ஆயுள் கூடும்.

பழைய வண்டியின் வைப்பர் மோட்டாரில் மட்டும் வரும் விசித்திரங்கள்

பெரிய ரோபோ கட்ட நினைக்கிறவர்களுக்கு ஸ்கிராப்யார்டு வைப்பர் மோட்டார் நல்ல வழி. நானே பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கிறேன்: பலம் ஏராளம், விலை குறைவு. ஆனால் அதன் குணத்தைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

ஒரு மோட்டார் மட்டும் ஓடினால் சரி, ஒன்று முன்னும் ஒன்று பின்னும் ஓடினால் ஃபியூஸ் போகிறது என்றால், காரணம் உடல். பல வைப்பர் மோட்டார்களில் ஒரு பிரஷ் உலோக உடலோடு சேர்ந்திருக்கும், வண்டியின் உடலே நெகட்டிவ் என்பதால். அப்படிப்பட்ட இரண்டை ஒரே இரும்புச் சட்டத்தில் பொருத்தினால் ஒன்றைத் திருப்பியதும் சட்டம் வழியே ஷார்ட். பொருத்தும் முன்னே உடலுக்கும் கம்பிகளுக்கும் இடையே ஓம் அளங்கள். தொடர்பு இருந்தால் மரத்திலோ நைலான் தட்டிலோ பொருத்துங்கள், போல்ட்டுக்கும் உறை போடுங்கள்.

ஒரு திசையில் வேகம், மறு திசையில் மந்தம் என்றால் மூன்றாவது பிரஷ்ஷில் கம்பியைக் கொடுத்திருக்கிறீர்கள். வைப்பரின் இரண்டாவது வேகத்துக்காக அந்தப் பிரஷ் கோணலாக வைக்கப்பட்டிருக்கும். எதிரெதிரே உள்ள இரண்டு பிரஷ்களை, அதாவது பொதுக்கம்பியையும் மெதுவேகக் கம்பியையும் மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டு மோட்டாரும் ஒரே வகை வண்டியிலிருந்து வந்தவையாக இருக்கட்டும்.

டிரைவர் உடனே கருகுகிறது என்றால் வியப்பில்லை. இவை தடைபட்டால் 10 ஆம்பியரைச் சாதாரணமாகத் தாண்டும். எல்298என் நினைப்பையே விட்டுவிடுங்கள். பிடிஎஸ்7960 போன்ற பெரிய பலகையும், ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி ஃபியூஸும் வேண்டும்.

மின்சாரத்தை நிறுத்தியதும் ரோபோ சறுக்காமல் அப்படியே உறைந்து நிற்கிறதா? உள்ளே புழுச்சக்கரம். வெளியிலிருந்து தண்டைத் திருப்ப முடியாத அமைப்பு அது. சரிவில் நின்றால் உருண்டு வராது என்பது நமக்கு லாபம். ஆனால் முழு வேகத்தில் வந்து சட்டென்று நிறுத்தினால் உள்ளே இருக்கும் நைலான் பல்சக்கரம் அடிவாங்கும். நிறுத்தும்போதும் படிப்படியாக இறக்குங்கள்.

இந்த மோட்டாருக்குப் பிள்ளைகள் பெரும்பாலும் மாட்டுவது கேட் மோட்டாரிலோ அலாரம் பெட்டியிலோ இருந்து எடுத்த 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி. இங்கே எந்த வீட்டிலும் ஒன்று கிடக்கும். அதன் எடையே 2 கிலோவுக்கு மேல். அதையும் சேர்த்துத்தான் மேலே காட்டிய சரிவுக் கணக்கை மறுபடி போட வேண்டும். கேட்டிலிருந்து கழற்றிப் போட்டது என்றால் அநேகமாக வயதான பேட்டரி. முதலில் ஒரு வைப்பர் மோட்டாரை மட்டும் சுமையோடு ஓட்டி வோல்ட் பாருங்கள், 11-க்குக் கீழே விழுந்தால் அதை நம்பி எதையும் கட்டாதீர்கள்.

போன மாதம் ஓடியது, இப்போது விட்டுவிட்டு ஓடுகிறது

டர்பனின் கோடை ஈரமும் கடற்காற்றின் உப்பும் இணைப்பு முனைகளில் பச்சை படியவைக்கும். மோட்டாரில் கை வைக்கும் முன் ஒவ்வொரு இணைப்பையும் பிடுங்கிச் சுத்தம் செய்து மறுபடி சொருகுங்கள். ரோபோ முக்கும்போது டிரைவரின் முனைக்கும் மோட்டாரின் முனைக்கும் இடையே, அதே கம்பியின் இரண்டு நுனிகளிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டும் கம்பியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பற்றவையுங்கள்.